பேஸ்பால் பந்தயம்: ஸ்டார்ட்டிங் பிட்சரையும் பேட்டிங்கையும் ரன் கணக்காக்கிப் பார்க்கும் முறை

மேஜர் லீக் பேஸ்பாலில் (எம்.எல்.பி.) பந்தய விலையை மற்ற எதையும்விட அதிகமாக அசைப்பவர் ஸ்டார்ட்டிங் பிட்சர்தான், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்துவீச்சாளர். அதே இரண்டு அணிகள், அதே மைதானம், அடுத்தடுத்த இரண்டு நாள். முதல் நாள் -170 விலையில் (வெல்லும் என்று கருதப்படும் அணியின் விலை) நின்ற அணி, மறுநாள் அதன் ஐந்தாம் ஸ்டார்ட்டர் (சுழற்சியில் கடைசி, பலவீனமானவர்) வீசும்போது +105-க்குப் (தோற்கும் என்று கருதப்படும் அணியின் விலை) போய்விடலாம். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மனதில் வைத்தால் போதும்: இங்கே ஒரே ஆள் தொடர்ந்து ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசுகிறார். அவரை எடுக்கும்வரை எதிரணி பேட்டர்கள் அத்தனை பேரும் அவரைத்தான் சந்தித்தாக வேண்டும்.

அதனால்தான் பெரும்பாலானவர்கள் இரண்டு பிட்சர்களின் இ.ஆர்.ஏ.வை (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன்) அருகருகே வைத்து, குறைவாக உள்ளவர் பக்கம் பணம் கட்டுகிறார்கள். விலை போடுகிறவர்களும் அதே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விலை போட்டிருக்கிறார்கள். நல்ல பிட்சர் என்பதற்கான காசை விலையிலேயே உங்களிடம் வாங்கிவிட்டார்கள். ஆகவே செய்ய வேண்டிய வேலை மூன்று படி: இரு பிட்சர்களையும் இரு பேட்டிங் வரிசைகளையும் சேர்த்து எதிர்பார்க்கும் ரன்னாக மாற்றுவது, ரன்னை வெற்றி வாய்ப்பாக மாற்றுவது, அந்த வாய்ப்பை விலையோடு ஒப்பிடுவது. மூன்றாவது படி இல்லாமல் முதல் இரண்டுக்கும் பயன் இல்லை.

தொடங்கும் முன் சட்டம். அமெரிக்காவில் 2018 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. பெரும்பாலான இடங்களில் வயது வரம்பு 21. டொரொன்டோ தமிழர்கள் வாழும் ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் இயங்குகின்றன. வயது வரம்பு 19. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அங்கிருந்து படிப்பவர்கள் இதை ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்குள் இருக்கும் வாய்ப்பு

மணிலைன் என்பது யார் வெல்வார் என்ற நேரடிப் பந்தயம். -150 என்றால் 100 டாலர் ஜெயிக்க 150 கட்ட வேண்டும். +130 என்றால் 100 கட்டினால் 130 லாபம். இதை வாய்ப்பாக மாற்ற, மைனஸ் விலைக்கு அந்த எண்ணை அதனுடன் 100 கூட்டிய தொகையால் வகுங்கள்: 150 ÷ 250 = 60%. பிளஸ் விலைக்கு 100-ஐ, அந்த எண்ணுடன் 100 கூட்டியதால் வகுங்கள்: 100 ÷ 230 = 43.5%. இரண்டையும் கூட்டினால் 103.5% வருகிறது. நூற்றுக்கு மேல் உள்ள 3.5 தான் புக்மேக்கரின் கமிஷன். அதை நீக்க ஒவ்வொன்றையும் 103.5-ஆல் வகுங்கள்: 58%, 42%. சந்தை உண்மையில் சொல்வது இதுதான். ஆனால் -150-க்குக் கட்டுகிறவருக்கு நட்டமில்லாமல் இருக்கவே 60% வெற்றி வேண்டும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது; கீழே இரண்டும் தேவைப்படும்.

பிட்சரை எடைபோடுவது

வெற்றி தோல்விக் கணக்கை முதலில் தள்ளிவிடுங்கள். 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 217 இன்னிங்ஸில் 1.70 இ.ஆர்.ஏ. வைத்து சை யங் விருது (சிறந்த பிட்சருக்கானது) வாங்கினார். அவருடைய வெற்றி தோல்வி 10-9. அவர் தொடங்கிய 32 ஆட்டங்களில் மெட்ஸ் வென்றது 14. அந்த சீசன் முழுக்க 'டிகிராம் வீசுகிறார்' என்பதற்காக உயர்ந்த விலை கொடுத்து மெட்ஸ் பக்கம் நின்றவர்கள், பேட்டிங் என்ற பாதியைப் பார்க்காமல் பணம் இழந்தார்கள்.

அடுத்து இ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் கணக்கில் விட்டுக்கொடுத்த ரன் அது. நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதை மோசமாகச் சொல்லும். ஃபீல்டர்கள் பிடித்ததும் விட்டதும், அடிகள் ஒரே இன்னிங்ஸில் குவிந்ததா சிதறியதா என்பதும், அடுத்து வந்த ரிலீவர் (ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் மாற்றுப் பிட்சர்) பேஸில் நின்றவர்களை ரன் எடுக்கவிடாமல் தடுத்தாரா என்பதும் அதில் கலந்திருக்கின்றன. பிட்சரின் கையில் முழுதாக இருப்பவை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் வெளியேறுவது), வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸ் ஏறுவது), பேட்டர் மேல் பந்து படுவது, பெருமளவு ஹோம்ரன் (வேலியைத் தாண்டும் அடி). இவற்றை மட்டும் வைத்துப் போடும் கணக்குதான் எஃப்.ஐ.பி.:

(13 × ஹோம்ரன் + 3 × (வாக் + பந்து பட்டவர்கள்) − 2 × ஸ்ட்ரைக்அவுட்) ÷ இன்னிங்ஸ் + அந்த ஆண்டின் மாறிலி

மாறிலி 3.1-ஐ ஒட்டி இருக்கும், 2018-இல் 3.16. டிகிராமின் 2018 எண்களைப் போட்டுப் பாருங்கள்: ஹோம்ரன் 10, வாக் 46, பந்து பட்டவர்கள் 5, ஸ்ட்ரைக்அவுட் 269. மேலே வருவது 130 + 153 − 538 = −255. அதை 217-ஆல் வகுத்தால் −1.18. மாறிலியைக் கூட்டினால் 1.98. அவருடைய 1.70 பெரும்பகுதி சொந்தத் திறமை, கொஞ்சம் அதிர்ஷ்டம் என்று இந்த எண் சொல்கிறது. இதே கணக்கில் இன்னொருவருக்கு இ.ஆர்.ஏ. 2.60, எஃப்.ஐ.பி. 4.20 வந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

ஹோம்ரன் எண்ணிக்கையும் குறுகிய காலத்தில் ஏறி இறங்கும். உயரமாக அடிபட்ட பந்துகளில் எத்தனை வேலியைத் தாண்டின என்பது லீக் சராசரியாக 11, 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒருவருக்கு அது 5% என்றால் அடுத்த இரண்டு மாதம் அப்படியே நீடிக்காது. எக்ஸ்.எஃப்.ஐ.பி. இதைச் சரிசெய்து தருகிறது.

இத்தனை எண்களுக்கு நேரமில்லை, ஒன்றே ஒன்று பார்ப்பேன் என்றால், ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழியுங்கள். சந்தித்த பேட்டர்களில் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்ற கணக்கைத் தவிருங்கள், ஏனென்றால் மோசமாக வீசி நிறைய பேட்டர்களைச் சந்திப்பவருக்கு அது தவறாக உதவும். லீக் சராசரியில் ஸ்ட்ரைக்அவுட் 22, 23 சதவீதம், வாக் 8-க்கு மேல். வித்தியாசம் 14 அளவில். 20-ஐத் தாண்டினால் முதல் தர பிட்சர். 10-க்குக் கீழே என்றால் அவருடைய நல்ல இ.ஆர்.ஏ.வை நம்ப வேறு வலுவான காரணம் வேண்டும்.

அதிர்ஷ்டத்தைப் பிரித்தறிய இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். ஆடுகளத்துக்குள் விழுந்த பந்துகளில் ஹிட் (பேட்டர் பேஸை அடையும் அடி) ஆன விகிதம் (பேபிப்) லீக்கில் .290 முதல் .300 வரை. பேஸில் ஏறியவர்களில் ரன் எடுக்காமல் நின்றவர்கள் சுமார் 72%. பேபிப் .230, நின்றவர்கள் 85% என்று ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் அவர் இ.ஆர்.ஏ. ஏறப்போகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள். நேராக மேலே எழும் பாப்-அப் பந்துகளை நிறைய வரவழைக்கும் பிட்சருக்கும், பின்னால் சிறந்த அவுட்ஃபீல்டர்கள் நிற்கும் பிட்சருக்கும் பேபிப் இயல்பாகவே குறைவாக இருக்கும்.

எத்தனை ஆட்டம் பார்த்து முடிவு செய்வது? ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சீக்கிரம் நிலைக்கும்: 70 பேட்டர்களைச் சந்தித்தாலே, அதாவது மூன்று நான்கு ஆட்டங்களில், ஓரளவு தெரியும். வாக் விகிதத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். பேபிப் ஒரு முழு சீசனிலும் நிலைக்காது. அதனால் மே மாதத்தில் 'இந்த ஆண்டு எண்' என்று எதையும் தனியாக எடுக்கக் கூடாது; முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். அதைக் கையால் செய்வதைவிட, ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் கிடைக்கும் ஸ்டீமர், ஜிப்ஸ் போன்ற மதிப்பீடுகளில் 'சீசனின் மீதிக்கு' என்று தரும் எண்ணை எடுப்பது நல்லது. வயது, பழைய சீசன்கள், லீக் சராசரி எல்லாம் அதில் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் எண் கிடைக்காது.

அந்த மதிப்பீட்டை எப்போது மீறலாம் என்றால், பிட்சர் உடலளவில் மாறியிருக்கிறார் என்று தெரியும்போது. பேஸ்பால் சவான்ட் தளத்தில் ஆட்டவாரியாக வேகம் கிடைக்கும். ஒருவருடைய ஃபாஸ்ட்பால் தன் வழக்கத்தைவிட மணிக்கு ஒன்றரை மைல் குறைந்து, அது அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் தொடர்ந்தால் காயமோ களைப்போ இருக்கலாம். ஏப்ரல் குளிரில் எல்லோருக்குமே வேகம் கொஞ்சம் குறையும். ஆகவே ஏப்ரலை முந்தைய ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். எதிர்த்திசையில், புதிய பந்து ஒன்றைக் கற்றுக்கொண்டு அதை ஐந்துக்கு ஒன்று வீசத் தொடங்கிய பிட்சரின் பழைய எண்கள் அவரைக் குறைத்துக் காட்டும்.

எத்தனை இன்னிங்ஸ் வீசுவார்

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சமீப சீசன்களில் ஸ்டார்ட்டர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேலே மட்டுமே வீசுகிறார்கள். ஆட்டத்தின் நாற்பது சதவீதத்துக்கு மேல் புல்பென் (ரிலீவர்கள் குழு) கையில். ஒரே பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது தெளிவாக நன்றாக அடிக்கிறார் என்பது மேனேஜர்களுக்குத் தெரியும். அதனால் 18 பேட்டர்கள், அதாவது வரிசை இரண்டு சுற்று முடிந்ததும் ரிலீவரை அழைக்கத் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

கடைசி ஆறு ஆட்டங்களில் அவர் வீசிய பந்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 95 பந்து வீசுகிறவர் ஆறு இன்னிங்ஸ் வரலாம். காயப் பட்டியலிலிருந்து இன்றுதான் திரும்புகிறார் என்றால் 65, 70 பந்துகளில் நிறுத்திவிடுவார்கள். நான்கு இன்னிங்ஸ் என்று போடுங்கள். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் வருகிறவர்களுக்கு வேகம் முதலில் திரும்பும், கட்டுப்பாடு பிறகுதான்; வாக் கூடி, பந்துகள் வீணாகி, இன்னிங்ஸ் இன்னும் குறையும். ஓப்பனர் முறையையும் கவனியுங்கள். டாம்பா பே ரேஸ் 2018-இல் செர்ஜியோ ரோமோவை வைத்துத் தொடங்கியது இது: ரிலீவர் ஒருவர் முதல் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வீச, பிறகு வருகிறவர்தான் நீளமாக வீசுவார். பட்டியலில் உள்ள பெயரை மட்டும் பார்த்தால் தவறான ஆளை எடைபோட்டிருப்பீர்கள்.

புல்பென்னுக்கு அணியின் மொத்த இ.ஆர்.ஏ. போதாது. நேற்றும் முந்தாநாளும் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்பதை ஆட்டக் குறிப்பில் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வீசிய குளோசரை (ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவரை) மூன்றாம் நாள் பெரும்பாலும் இறக்கமாட்டார்கள். நேற்று 12 இன்னிங்ஸ் போன ஆட்டம், அல்லது ஒரே நாளில் இரட்டை ஆட்டம் முடிந்திருந்தால், இன்று எட்டாம் இன்னிங்ஸில் வருகிறவர் அந்த அணியின் ஆறாவது சிறந்த ரிலீவர். அதற்கு 0.30 வரை புல்பென் இ.ஆர்.ஏ.வைக் கூட்டுவது நியாயம். அதற்கு மேல் வேண்டாம்.

பேட்டிங் வரிசை

அணியின் பேட்டிங் சராசரி, மொத்த ரன் இரண்டும் மைதானத்தின் நிழலில் நிற்கும் எண்கள். கொலராடோ ராக்கீஸின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து தூரம் போகிறது, கர்வ்பால் குறைவாக வளைகிறது. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தும் அது லீக்கின் அதிக ரன் வரும் மைதானமாகவே இருக்கிறது. அங்கே பாதி ஆட்டம் ஆடும் பேட்டரின் ஓ.பி.எஸ்.ஸை (பேஸ் ஏறும் விகிதமும் அடியின் வலுவும் சேர்ந்த எண்) சியாட்டிலில் ஆடுகிறவரோடு நேரடியாக ஒப்பிட முடியாது. மைதானத்தையும் அந்த ஆண்டின் லீக் அளவையும் சரிசெய்த டபிள்யூ.ஆர்.சி. பிளஸ்ஸை எடுங்கள். 100 என்றால் சராசரி. 110 என்றால் ரன் உருவாக்குவதில் 10% மேல். கணக்கில் அப்படியே பெருக்கலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி.

பிறகு கை. வலக்கை பேட்டர்கள் இடக்கை பிட்சரையும், இடக்கை பேட்டர்கள் வலக்கை பிட்சரையும் நன்றாக அடிப்பார்கள். பந்து வெளியே நழுவிப் போகாமல் உள்ளே வரும். இடக்கை பேட்டர்களுக்கு இந்த வித்தியாசம் அதிகம். ஆகவே இன்று எதிரே நிற்பவரின் கைக்கு ஏற்ப அணியின் டபிள்யூ.ஆர்.சி. பிளஸ்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை: இடக்கை பிட்சர்களுக்கு எதிரான எண் குறைவான ஆட்டங்களிலிருந்து வருவது. ஜூன் மாதத்தில் 'இடக்கைக்கு எதிராக 125' என்று பார்த்தால் அதை 100 பக்கம் பாதிக்கு மேல் இழுத்து 110 என்றே எடுங்கள்.

அணியின் எண்ணைவிட இன்றைய ஒன்பது பேர் முக்கியம். வரிசை பொதுவாக ஆட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு வெளியாகும். நட்சத்திரம் ஒருவர் ஓய்வெடுக்கிறாரா, இரவு ஆட்டத்துக்கு அடுத்த நாள் பகல் ஆட்டமென்றால் மாற்று கேட்சர் இறங்குகிறாரா என்று பாருங்கள். நல்ல பேட்டரை நீக்கி மாற்று வீரரைப் போட்டால் ஓர் ஆட்டத்துக்கு 0.1 முதல் 0.2 ரன் குறையும். ஒருவர் இல்லாததற்கு அரை ரன் கழிப்பவர்கள் மிகையாகக் கழிக்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் அணிப் பட்டியல் 26-லிருந்து 28 ஆகும். பிளேஆஃப் இடம் உறுதியான அணிகள் மூத்தவர்களை உட்காரவைக்கும். அந்த மாதத்தில் வரிசை வரும்முன் பந்தயம் கட்டாதீர்கள்.

மூன்று எண்களை முற்றிலும் ஒதுக்குங்கள்: இந்த பேட்டர் இந்த பிட்சருக்கு எதிராக 15-க்கு 7 என்ற தனிக் கணக்கு, கடைசி பத்து ஆட்டத்தில் அணியின் ரன், கடந்த ஆண்டு இந்த இரு அணிகள் மோதிய முடிவுகள். முதலாவது தொலைக்காட்சியில் தினமும் வரும். பதினைந்து முறை என்பது எதையும் நிரூபிக்காது.

மைதானம், காற்று

கணக்கில் கடைசியாகப் பெருக்கும் எண் மைதானத்துக்குரியது. சராசரி மைதானம் 1.00. கூர்ஸ் ஃபீல்டுக்கு 1.10-க்கு மேல், சியாட்டிலின் டி-மொபைல் பார்க்குக்கு 1-க்குக் கீழே. பழைய எண் இன்னும் பொருந்துகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் சரிபாருங்கள். 2025-இல் அத்லெட்டிக்ஸ் அணி ஓக்லந்தை விட்டு சேக்ரமென்டோவின் சிறிய மைதானத்துக்கு வந்தது. அதே ஆண்டு, புயலில் கூரை கிழிந்ததால் டாம்பா பே ரேஸ் தன் உள்ளரங்கை விட்டு டாம்பாவில் திறந்தவெளியில் ஆடியது. இரு அணிகளுக்கும் முந்தைய மைதான எண் ஒரே நாளில் செல்லாததாயிற்று.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்று ஏரியிலிருந்து உள்ளே வீசுகிறதா, வெளியே வீசுகிறதா என்பதைப் பார்த்தே மொத்த ரன் விலையைப் போடுகிறார்கள். வெப்பமும் உதவும்: 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் ஹோம்ரன் அளவு அடிபட்ட பந்து மூன்று அடிக்கு மேல் கூடுதலாகப் போகும். கூரை மூடும் மைதானத்தில் இதெல்லாம் கிடையாது. கூரை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆட்டத்தைக் கணக்கிடுவோம்

கற்பனை ஆட்டம் ஒன்று. மைதானம் 1.00.

உள்ளூர் ஸ்டார்ட்டர் வலக்கை, மதிப்பீட்டு இ.ஆர்.ஏ. 3.50, எதிர்பார்க்கும் 5.7 இன்னிங்ஸ், புல்பென் 4.20. இ.ஆர்.ஏ.வில் ஃபீல்டிங் பிழையால் வரும் ரன்கள் சேராது, அதற்காக 1.08-ஆல் பெருக்க வேண்டும். 3.50 ஆகிறது 3.78, 4.20 ஆகிறது 4.54.

ஸ்டார்ட்டர்: 5.7 ÷ 9 × 3.78 = 2.39. புல்பென்: 3.3 ÷ 9 × 4.54 = 1.66. மொத்தம் 4.05. வெளியூர் அணியின் டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் வலக்கைக்கு எதிராக, சராசரி பக்கம் இழுத்த பிறகு 97. ஆக 4.05 × 0.97 = 3.93 ரன்.

வெளியூர் ஸ்டார்ட்டர் இடக்கை, 4.40, ஐந்து இன்னிங்ஸ், புல்பென் 3.90. பெருக்கிய பின் 4.75, 4.21. 5 ÷ 9 × 4.75 = 2.64, 4 ÷ 9 × 4.21 = 1.87, மொத்தம் 4.51. உள்ளூர் அணி இடக்கைக்கு எதிராக 105. ஆக 4.51 × 1.05 = 4.74 ரன்.

ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் லீக் சராசரி இப்போது 4.4 முதல் 4.6 வரை. உங்கள் விடை 7 அல்லது 2 என்று வந்தால் எங்கோ தவறாகப் பெருக்கியிருக்கிறீர்கள்.

ரன்னை வெற்றி வாய்ப்பாக மாற்றும் சூத்திரத்தின் மூலவர் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ். அவர் 2 என்ற அடுக்கில் தொடங்கினார், 1.83 என்ற அடுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 4.74-ஐ 3.93-ஆல் வகுத்தால் 1.206, அதன் 1.83 அடுக்கு 1.41, அதை அதனுடன் 1 கூட்டிய தொகையால் வகுத்தால் 1.41 ÷ 2.41 = 58.5%. உள்ளூர் அணிக்கு லீக்கில் 53, 54 சதவீத வெற்றி வருகிறது. அதற்காக மூன்றரைப் புள்ளி கூட்டினால் 62%.

விலை -150/+130. நட்டமில்லாத எல்லை 60%. நம் எண் 62. கட்டலாமா?

கட்டக் கூடாது. நம் கணக்கு ஒரு விரிதாளிலிருந்து வந்தது. சந்தை எண் நம்மைவிட அதிகம் தெரிந்தவர்களின் பணத்தால் உருவானது. இருவரும் முரண்படும்போது தவறு நம் பக்கம் இருக்கும் வாய்ப்பே அதிகம். ஆகவே நம் 62-ஐயும் கமிஷன் நீக்கிய சந்தை எண் 58-ஐயும் பாதிப் பாதி கலக்க வேண்டும்: 60%. தேவைப்படுவதும் 60. லாபம் பூஜ்யம். விலை -125/+105 ஆக இருந்தால்? நட்டமில்லா எல்லை 55.6, கமிஷன் நீக்கிய எண் 53.2, கலந்த எண் 57.6. இரண்டு புள்ளி மிச்சம். இதுதான் கட்டத் தகுந்த விலை. இரண்டு புள்ளிக்குக் குறைவான மிச்சத்தை விட்டுவிடுங்கள். கணக்கின் பிழையே அதைவிடப் பெரியது.

இதைச் செய்தால் ஒரு நாளின் 15 ஆட்டங்களில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும். சில நாள் எதுவும் தேறாது. ஐந்தாறு தேறுகிறது என்றால் மகிழ வேண்டாம். எந்த எண் தவறு என்று தேடுங்கள்.

எந்தப் பந்தயம்

சாதகம் ஸ்டார்ட்டரிடம் மட்டும் இருந்து, புல்பென் மோசம் என்றால், முதல் ஐந்து இன்னிங்ஸ் பந்தயத்தைப் பாருங்கள். மேலுள்ள ஆட்டத்தில் முழு ஆட்ட ரன் விகிதம் 1.2, முதல் ஐந்தில் மட்டும் 2.77-க்கு 2.04, அதாவது 1.36. ஆனால் 1.83 அடுக்கை அங்கே பயன்படுத்தக் கூடாது, ஐந்து இன்னிங்ஸில் ரன் குறைவு, சமநிலை அதிகம். இருவழி விலையில் சமன் ஆனால் பணம் திரும்பும். மூவழி விலையில் சமன் ஆனால் போய்விடும். எதை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள்.

ரன்லைன் என்பது 1.5 ரன் வித்தியாசம்: -1.5-க்கு வாங்கிய அணி இரண்டு ரன்னிலாவது வெல்ல வேண்டும். உள்ளூர் அணியை -1.5-க்கு வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: முன்னிலையில் இருந்தால் அந்த அணி ஒன்பதாம் இன்னிங்ஸில் பேட் செய்யாது, சமனில் இருந்து கடைசியில் வென்றால் பெரும்பாலும் ஒரு ரன்னில்தான் வெல்லும். நான்கு ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல் ஒரு ரன்னில் முடிகிறது. வெளியூர் அணிக்கு இந்தக் குறை இல்லை.

மொத்த ரன் பந்தயத்துக்கு இரு எண்களையும் கூட்டினால் போதும்: 4.74 + 3.93 = 8.67. ஆனால் விலைக் கோடு நடுநிலை எண்ணைப் பார்க்கிறது, நாம் கண்டது சராசரி. அபூர்வமாக 15, 20 ரன் வரும் ஆட்டங்கள் சராசரியைத் தூக்கிவிடும். அதனால் 8.5 கோட்டுக்கு 8.67 என்பது ஓவர் (கோட்டுக்கு மேல்) பக்கம் அல்ல. 2020 முதல் பிளேஆஃப் தவிர்த்த ஆட்டங்களில் கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஒரு ஓட்டக்காரரோடு தொடங்குகிறது என்பதும் அண்டர் (கோட்டுக்குக் கீழ்) வாங்கியவரைக் கடைசி நேரத்தில் கெடுக்கும்.

எதை வாங்கினாலும் பிட்சர் விதியைப் படியுங்கள். அறிவிக்கப்பட்ட பிட்சர் மாறினால் பந்தயம் ரத்தாகுமா, தொடருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பிட்சரை வைத்தே கணக்குப் போடுகிற நீங்கள், தேர்வு இருந்தால் ரத்தாகும் வகையையே எடுங்கள்.

பணம், பதிவு

இழந்தாலும் வாழ்க்கை மாறாத ஒரு தொகையை ஒதுக்கி, ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதில் ஒரு சதவீதம். மேலே சொன்ன -125, 57.6% ஆட்டத்துக்கு கெல்லி சூத்திரம் (சாதகத்துக்கு ஏற்ப எவ்வளவு கட்டலாம் என்று சொல்வது) நாலரை சதவீதம் கட்டச் சொல்லும். அதில் கால்பங்கு எடுத்தால் ஒன்றுக்குச் சற்று மேல். முழுக் கெல்லி உங்கள் எண் துல்லியம் என்று நம்புகிறது, அது துல்லியம் கிடையாது. பல ஆட்டங்களைச் சேர்க்கும் பார்லேயைத் தொடாதீர்கள்: -110 விலையில் ஒரு பந்தயத்தில் கமிஷன் 4.5% என்றால் மூன்றைச் சேர்த்தால் 13%. இழந்ததை மீட்க அன்றிரவே அமெரிக்க மேற்குக் கடற்கரையில் தாமதமாகத் தொடங்கும் ஆட்டத்தில் இரட்டிப்பாகக் கட்டத் தோன்றினால் செயலியிலேயே தடை போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1-800-426-2537, ஒன்ராறியோவில் 1-866-531-2600 என்ற உதவி எண்கள் இலவசம்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஆறு கட்டம் எழுதுங்கள்: நாள், நம் எண், வாங்கிய விலை, ஆட்டம் தொடங்கும்போதிருந்த கடைசி விலை, மைதானம், முடிவு. இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி விலை. 55% வெல்லும் திறமை உள்ளவருக்குக்கூட 100 பந்தயத்தில் 45 முதல் 65 வரை எது வந்தாலும் இயல்பே. வெற்றி எண்ணிக்கை உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் -125-க்கு வாங்கியது -140-இல் முடிவது ஐம்பது அறுபது பந்தயங்களில் தொடர்ந்து நடந்தால் கணக்கு சரியான திசையில் போகிறது. நேர்மாறாக விலை உங்களை விட்டு விலகிக்கொண்டே இருந்தால், வென்றுகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு மைதானக் கட்டத்தைப் பாருங்கள். ஒரே மைதானத்தில் எப்போதும் அண்டர் வாங்குகிறீர்கள் என்றால் அந்த மைதானத்தின் எண் பழையது. எப்போதும் மோசமான அணியையே வாங்குகிறீர்கள் என்றால் அதன் புல்பென்னுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இன்னிங்ஸ் குறைவு.